குடைகளின் வரிசையில் அண்ணன்

பெரிய பேருந்து நிலையத்தில் படி இறங்கிக் கீழே போனால் தொலைந்த பொருள் ஆபீஸ். வண்டியில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிறதெல்லாம் சாக்கில் கட்டி அங்கேதான் வந்து இறங்கும். ஜன்னல் கிடையாது. பகலிலும் டியூப்லைட். சுவர் நெடுக இரும்பு அலமாரி, அலமாரி நிறைய குடை, பை, சாவிக்கொத்து, ஒற்றைச் செருப்பு. அங்கே இருபத்திரண்டு வருஷமாகச் சீட்டுக் கட்டுகிறவள் ஒருத்தி. வந்த பொருளை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்து, என்ன பொருள், எந்த வண்டி, என்ன தேதி என்று அட்டைச் சீட்டில் எழுதி, நூல் கோத்து, அதன் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவாள். சீட்டக்கா என்று கேட்டால் நிலையத்தில் டீ விற்கிறவர்கூட வழி காட்டுவார்.

எதை எதோடு வைப்பது என்பதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஒருமுறை கட்டைக்கால் ஒன்று வந்தது. அதை விட்டுவிட்டு இறங்கினவன் எப்படி நடந்து போயிருப்பான் என்று ஆபீஸே ஒரு வாரம் பேசிப் பேசிச் சிரித்தது. சீட்டக்கா சிரிக்கவில்லை. இதைச் செருப்போடு வைப்பதா, ஊன்றுகோலோடு வைப்பதா என்று இரண்டு நாள் யோசித்து, கடைசியில் தன் மேஜைக்குப் பக்கத்திலேயே தனியாக நிறுத்தி வைத்தாள். கேட்டதற்கு, "அது பொருள் இல்லை, ஒரு மனுஷனோட பாதி. அதை அலமாரியில வெப்பாங்களா?" என்றாள். எட்டாம் நாள் அந்த மனுஷன் வந்து வாங்கிக்கொண்டு போனான்.

பிறகு வெப்சைட் வந்தது. தொலைத்தவர்கள் வீட்டிலிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. அதில் இரண்டு படிவம். ஒன்று பொருள் படிவம், இன்னொன்று ஆள் படிவம். கூட்டத்தில் கைவிட்டுப் போன குழந்தை, வழி தெரியாமல் உட்கார்ந்திருக்கிற வயசானவர், இப்படி ஆட்களும் பஸ்ஸில் தொலைகிறார்களே, அவர்களுக்காக அது. யாராவது படிவத்தை நிரப்பினால் சீட்டக்கா படித்துப் பார்ப்பாள். இது குடைப் பிரிவு, இது சாவிப் பிரிவு, இது ஆட்கள் பிரிவு என்று ஒவ்வொன்றையும் தன் கையாலேயே சேர்ப்பாள். ஒரு நாளைக்கு இருநூறு வரும். மழைக்காலத்தில் முந்நூறு.

மேனேஜருக்கு மேலே இருப்பவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒருத்தி உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் எப்போது முடியும், அதுவே சேர்த்துக்கொள்கிற மாதிரி செய் என்று உத்தரவு வந்தது. வெப்சைட்டைக் கட்டிக் கொடுத்தவர் வந்தார். ஐம்பது வயசு, நெற்றி ஏறின மனுஷர், நல்லவர். சைட்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவது. நாற்காலியை இழுத்துச் சீட்டக்கா பக்கத்தில் போட்டுக்கொண்டார்.

"நீங்க எப்படிக்கா பிரிக்கிறீங்க?"

"படிச்சுப் பார்த்தா தெரியப்போகுது. இதுல என்ன வித்தை இருக்கு?"

"உங்களுக்குத் தெரியும். இதுக்குத் தெரியாதே. இது படிக்காது, வார்த்தையைத் தேடும். அவ்வளவுதான் இதுக்கு வரும். குடைன்னு வார்த்தை இருந்தா குடைப் பிரிவு. அந்த மாதிரி ஒவ்வொண்ணா சொல்லுங்க, நான் ஏத்திடறேன். முதல்ல எது சிக்குதோ அங்கே போட்டுடும்."

அவள் சொன்னாள். எது அதிகம் வருகிறதோ அதை முதலில் சொன்னாள். குடை, கண்ணாடி, சாவி, செருப்பு, கடிகாரம், பை, போன், பல்செட். மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் தட்டிக்கொண்டே வந்தார்.

"ஆளுங்களுக்கு என்ன வார்த்தைக்கா?"

"ஆளுக்கு என்ன வார்த்தை இருக்கு? மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வரும். அதை நான் பார்த்துக்கறேன்."

"அப்ப ஒண்ணு பண்றேன். ஆள் படிவத்துல வந்ததுல எந்த வார்த்தையும் சிக்கலைன்னா ஆட்கள் பிரிவுக்குப் போயிடட்டும்."

"போயிடட்டும்."

யார் என்ன சொன்னாலும் சரி, அன்றைக்கு அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. கேட்டதைச் சொன்னாள். தப்பு எங்கே என்றால், ஒரே ஒரு தடவை அது கண்ணில் பட்டது, விட்டுவிட்டாள். நாலு வயசுப் பிள்ளையைத் தொலைத்த தாய் ஒருத்தி, "முதுகில் மஞ்சள் பை" என்று எழுதியிருந்தாள். பிள்ளை போய்ப் பைப் பிரிவில் உட்கார்ந்துகொண்டது. சீட்டக்கா அதை ஆட்கள் பிரிவுக்கு மாற்றினாள், திரும்பவும் பைப் பிரிவுக்கே ஓடியது. பை என்ற வார்த்தையை எடுத்துவிட்டுச் சேமித்தாள், சரியாகிவிட்டது. ஒரு மணி நேரத்தில் பிள்ளையும் கிடைத்துவிட்டது. சைட்காரரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். அப்போது இரண்டு சாக்கு வந்து இறங்கியது. மறந்துபோனாள்.

வீட்டில் அவளும் அண்ணனும்தான். இரண்டாவது மாடி, ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு பால்கனி. அப்பா அம்மா போனபோது அவளுக்கு ஒன்பது வயசு, அவனுக்குப் பதினேழு. லாரி ஓட்டினான். தங்கச்சியைப் பத்தாவது வரை படிக்க வைத்தான். கையெழுத்து நன்றாக இருக்க வேண்டும் என்று லோடு இறக்கிவிட்டு வந்த கையோடு பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்தான், அவனுக்கே சரியாக எழுத வராது. அந்தக் கையெழுத்துதான் அவளுக்குச் சீட்டு வேலையை வாங்கிக் கொடுத்தது. அவளுக்குப் புருஷன் என்று ஒருவன் ஆறு வருஷம் இருந்தான், அப்புறம் இல்லை. அவனைப் பற்றி இவ்வளவு போதும். அவன் போன மறுநாள் அண்ணன் தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து கதவைத் தட்டினான். "எனக்கு வாடகை வீடு கட்டுப்படியாகலை" என்றான். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுக்கு மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டது. பிழைத்தான். கை கால் வந்துவிட்டது, பேச்சு வரவில்லை. ஒரே ஒரு வார்த்தை மட்டும் எப்படியோ மிஞ்சியது. சரி. தண்ணீர் வேண்டுமா என்றால் சரி. வேண்டாமா என்றாலும் சரி. உன் பெயர் என்ன என்று டாக்டர் கேட்டார், அதற்கும் சரி என்றான். வாழ்நாள் பூராவும் எல்லோரோடும் மல்லுக்கு நின்ற மனுஷனுக்கு மிஞ்சினது இந்த வார்த்தையா என்று சீட்டக்கா சில சமயம் சிரிப்பாள், சில சமயம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். அவள் வேலைக்குப் போகிற நேரத்தில் கீழ்வீட்டு அக்கா பார்த்துக்கொள்வாள். வீட்டுச் சாவி ஒன்றைக் கயிற்றில் கோத்து அவன் கழுத்தில் போட்டிருந்தாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலையிலிருந்தே தூறல். ஒன்பதே காலுக்குக் கீழ்வீட்டு அக்கா போன் செய்தாள். குரலே சரியாக இல்லை.

"அம்மாடி, தண்ணி கேன் போடறவன் கதவைத் திறந்துபோட்டுட்டுப் போயிட்டான். நான் குக்கரை இறக்கிட்டு வர்றதுக்குள்ள உங்க அண்ணனைக் காணோம். முனைக் கடைக்காரர் பார்த்திருக்கார். குடையை விரிச்சுக்கிட்டு நிதானமாப் போய் பஸ்ல ஏறினாராம். எந்த பஸ்னு கவனிக்கலையாம்."

"சரி, நீங்க அழாதீங்க" என்றாள் சீட்டக்கா. அவள் கையில் அப்போது யாருடையதோ சாவிக்கொத்து. அதை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே பிறகு ஞாபகம் வரவில்லை.

முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குத்தான் போன் செய்தாள். அங்கே எழுதுகிறவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ்ல ஏறினார்னா எங்களைவிட உங்க ஆபீஸ்தான்மா வேகம். நாங்களே உங்க லிஸ்ட்டைப் பார்த்துத்தான் ஆள் பிடிக்கிறோம். முதல்ல அதுல போடுங்க" என்றார். அவர் சொன்னதும் நிஜம்தான். ஊர் சுற்றி நாற்பத்தாறு டிப்போ. ஷிப்ட் மாறும்போதெல்லாம் ஒவ்வொரு டிப்போ கிளார்க்கும் வெப்சைட்டில் ஆட்கள் பிரிவைத் திறந்து பார்த்தாக வேண்டும், அது விதி. மற்றப் பிரிவுகளை யாரும் திறப்பதில்லை. ஒருத்தர் தொலைத்த குடையை இன்னொருத்தர் எதற்குப் பார்க்கிறார்?

ஒன்பது நாற்பதுக்கு ஆள் படிவத்தை எழுதினாள். குழந்தைகளுடைய படம் வெளியே போகக்கூடாது என்று அந்தப் படிவத்தில் படம் போடுகிற இடத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். அதனால் எழுத்தாலேயே ஆளை நிறுத்த வேண்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷம் சீட்டு எழுதின கை, நிறுத்திவிட்டது.

"ஆண். வயது ஐம்பத்தொன்பது. பேச்சு வராது. கறுப்புக் குடை, கைப்பிடியில் சிவப்பு டேப் சுற்றியிருக்கும். இடது பக்கம் கீறல் விழுந்த கண்ணாடி. கழுத்தில் கயிற்றில் சாவி. பழுப்புத் தோல் செருப்பு, வலது வார் தைத்தது. நின்றுபோன கடிகாரம் கட்டியிருப்பார்."

படித்தால் ஆள் எதிரே வந்து நிற்பான். சேமித்தாள். ஆட்கள் பிரிவைத் திறந்தாள். இல்லை. இன்னொருதரம் திறந்தாள். இல்லை. குடைப் பிரிவைத் திறந்தாள். அங்கே இருந்தான் அண்ணன். மேலே ஒரு மடக்குக் குடை, கீழே பூப்போட்ட லேடீஸ் குடை, நடுவே அவன்.

ஆட்கள் என்று கையால் மாற்றிச் சேமித்தாள். சேமித்த கணமே அது திரும்பவும் வார்த்தைகளைத் தேடியது, குடையைக் கண்டுபிடித்தது, குடைக்கே கொண்டுபோய் வைத்தது. மூன்று தரம் மாற்றினாள், மூன்று தரமும் அது சளைக்காமல் அதையே செய்தது. சண்டை போடுகிற ஆளாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம். இதன் சட்டை எங்கே இருக்கிறது?

மேனேஜர் அறைக்கு ஓடினாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். "உங்க அண்ணனா? ஐயோ" என்று சொல்லிவிட்டு உடனே சைட்காரருக்குப் போட்டார். அவர் மனைவி எடுத்தாள்.

"அவருக்கு நேத்துதான் கண் ஆபரேஷன் ஆச்சு. ரெண்டு கண்ணுலயும் கட்டு. திங்கட்கிழமை காலையிலதான் அவிழ்ப்பாங்க."

அவள் போனை அவர் காதில் வைத்தாள். அவர் எல்லாம் கேட்டார். படுத்தபடியே துடித்துப்போனார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அக்கா, அது சின்ன வேலைக்கா. அந்த விதியை ஆள் படிவத்துலேர்ந்து கழட்டிவிடணும். ஒரே ஒரு டிக். எனக்கு மட்டும் இருக்கற மேல் கணக்குல உள்ளே போனா அரை நிமிஷம்."

"பாஸ்வேர்டைச் சொல்லுங்க, நான் போறேன்."



"அது... எனக்கு வாயில வராதுக்கா. அது என் விரலுக்குத்தான் தெரியும். கீபோர்டு முன்னால உட்கார்ந்தா விரல் தானா அடிக்கும். மூணு தடவை தப்பாப் போட்டா மொத்தமாப் பூட்டிக்கும், யாருமே உள்ளே போக முடியாது."

"எங்கே இருக்கீங்க? வண்டி அனுப்பறோம்" என்றார் மேனேஜர்.

"ஆஸ்பத்திரியில தலையை அசைக்கவே கூடாதுன்னு மணல் மூட்டை வெச்சிருக்காங்க சார். கம்ப்யூட்டரை இங்கே கொண்டுவந்தாலும் ஆகாது, மேல் கணக்கு உங்க ஆபீஸ் லைன்ல மட்டும்தான் திறக்கும்."

மேனேஜர் போனை வைத்துவிட்டு இரண்டு கையையும் மேஜைமேல் விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரம் உள்ள கைகள். பிரயோஜனம் இல்லை.

சீட்டக்கா டிப்போ டிப்போவாகப் போன் போட ஆரம்பித்தாள். பாதி எடுக்கவில்லை. எடுத்தவர்கள் எல்லோரும் அவளைத் தெரிந்தவர்கள்தான், குரலால். "என்னக்கா, லிஸ்ட்ல ஒண்ணும் இல்லையே?" என்றார்கள். "லிஸ்ட்ல வரலை, நான் சொல்றேன், எழுதிக்குங்க" என்றாள். எழுதிக்கொண்டார்கள். எழுதின தாள் எங்கே போகும் என்பது அவளுக்குத் தெரியாதா? மேற்கு டிப்போவுக்குப் பத்தரைக்குப் போட்டாள். அப்படி யாரும் இல்லை என்றார்கள். பதினொரு மணிக்கு அங்கே ஷிப்ட் மாறியது.

திரும்ப வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அந்தப் பிள்ளையின் பை ஞாபகம் வந்தது. வார்த்தையை எடுத்தால் போகும்.

குடையை எடுத்தாள். சிவப்பு டேப் சுற்றின குடை ஊரில் எத்தனை இருக்கும்? ஆளைத் தூரத்திலேயே அடையாளம் காட்டுகிறது அது ஒன்றுதானே. இருந்தாலும் எடுத்தாள். சேமித்தாள். அண்ணன் கண்ணாடிப் பிரிவுக்குப் போனான். கண்ணாடியை எடுத்தாள். சாவிப் பிரிவுக்குப் போனான். சாவியை எடுத்தாள், கயிற்றை எடுத்தாள். செருப்பு. அதையும் எடுத்தாள். கடிகாரம். அந்தக் கடிகாரம் அப்பாவுடையது, ஓடாது, ஓடாது என்று சொன்னாலும் கழற்ற மாட்டான். அதையும் எடுத்தாள். துணிக்கடை வாசலில் நிற்கிற பொம்மையிடமிருந்து ஒவ்வொன்றாக உருவுகிற மாதிரி உருவி உருவி, கடைசியில் மூன்று வரி மிஞ்சியது.

"ஆண். வயது ஐம்பத்தொன்பது. பேச்சு வராது."

அப்போதுதான் வெப்சைட் அவனை ஆள் என்று ஒத்துக்கொண்டது. மணி பன்னிரண்டு பத்து. ஆட்கள் பிரிவில் அவன் ஒருவன்தான். யார் வேண்டுமானாலும் அவனாக இருக்கலாம்.

சாக்கு தூக்குகிற பெரியவர் ஒருத்தர் உண்டு அந்த ஆபீஸில், மூட்டைக்காரர் என்பார்கள். டீ வாங்கிவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"குடிம்மா. போட்டாச்சுல்ல, வந்துடுவார்."

"என்னத்தைப் போட்டேன்? இதைப் படிச்சா உங்களையே பிடிச்சுக்கிட்டுப் போவாங்க."

"எனக்குப் பேச்சு வருமே" என்றார் அவர். அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவர் அந்தப் பக்கம் திரும்பிச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

மூன்றரை மணிக்கு மேற்குப் பக்கத்துச் சாக்கு வந்தது. வாசலிலேயே ஒவ்வொரு பொருளின் எண்ணையும் மிஷினில் காட்டி உள்ளே எடுப்பார்கள். பீப் என்று சத்தம் வந்தால் வந்து சேர்ந்தது என்று அர்த்தம். மூட்டைக்காரர் வழக்கம்போல ஒவ்வொன்றாகக் காட்டி, ஒவ்வொன்றாக அவள் மேஜைக்குத் தள்ளினார். மூன்றாவதாகக் குடை வந்தது. கறுப்புக் குடை. கைப்பிடியில் சிவப்பு டேப்.

அவள் அதைத் தொடவில்லை. எழுந்து நின்றாள். பிறகு உட்கார்ந்து குடைப் பிரிவைத் திறந்தாள். காலையிலிருந்து வந்த குடைகளை ஒவ்வொன்றாகக் கீழே தள்ளித் தள்ளி, பதினொன்று இருபதுக்கு வந்து நின்றாள். மேற்கு டிப்போ. "கண்டெடுக்கப்பட்டவர். ஆண், அறுபது வயது இருக்கும். கடைசி நிறுத்தத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கையில் குடை."

கையில் குடை. அந்த ஒரு வார்த்தைக்காக அவனை அங்கே கொண்டுவந்து போட்டிருந்தது. அவள் ஒரு பக்கம் அவனைக் குடையிலிருந்து எடுக்கப் போராடிக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் அவனே வந்து குடையில் உட்கார்ந்திருக்கிறான். நாலு மணி நேரமாக.

மேற்கு டிப்போ கிளார்க் உடனே எடுத்தார்.

"நான் ஒழுங்காத்தானேக்கா போட்டேன்? ஆள் படிவத்துலதான் போட்டேன்."

"பேச்சு வராதுன்னு நான் போட்டிருந்தேனே, பார்க்கலையா?"

"பார்த்தேன்க்கா. ஆனா இவர் பேசினாரே! பேர் என்னன்னேன், சரின்னார். வீடு எங்கேன்னேன், சரின்னார். அப்ப இது வேற ஆள்னு விட்டுட்டேன். ரெண்டு மணி வரைக்கும் பக்கத்துலயே உட்கார வெச்சிருந்தேன், பிஸ்கட் கொடுத்தேன். தேடி யாரும் வரலை. காப்பகத்துக்குப் போறீங்களான்னு கேட்டேன். அதுக்கும் சரின்னார். சம்மதம்னு எழுதி வேன்ல அனுப்பிட்டேன்."

"குடை?"

"அதான் புரியலைக்கா. குடையைப் பெரிய ஆபீசுக்கு அனுப்புன்னு சிஸ்டம் சீட்டு அடிச்சுக் கொடுத்தது. வாங்கறப்போ அவர் விடலை. அப்புறம் விட்டுட்டார்."

திட்டலாம் என்று வாயைத் திறந்தாள். என்ன சொல்லித் திட்டுவது? பிஸ்கட் கொடுத்திருக்கிறான். "நல்லா இருப்பா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

இருக்கிற இடம் தெரிந்துவிட்டது. உயிரோடு இருக்கிறான், கூரைக்குக் கீழே இருக்கிறான். அதுவே பெரிசு. ஆனால் காப்பகத்திலிருந்து ஆளை எடுக்க வேண்டும் என்றால் இந்த ஆபீஸிலிருந்து ஒப்படைப்புக் கடிதம் வேண்டும். கையால் எழுதினது செல்லாது. போன வருஷம் யாரோ ஒருத்தி பொய்க் கடிதம் எழுதி யாரையோ கூட்டிக்கொண்டு போய்விட்டாள், அதிலிருந்து வெப்சைட்டில் அச்சடித்ததுதான் செல்லும். அதுவும் ஆள் எந்த எண்ணில் உள்ளே போனாரோ அந்த எண்ணில்தான் வர வேண்டும்.

மேனேஜரே உட்கார்ந்து அந்த எண்ணைப் போட்டு அச்சடித்தார். தாள் வெளியே வந்தது. அவர் படித்துவிட்டு அவளிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அவளே வாங்கிப் படித்தாள்.

"பொருள்: குடை. நிறம்: ____. கம்பிகளின் எண்ணிக்கை: ____. கைப்பிடியின் வகை: ____. மேற்படி பொருளை உரியவரிடம் ஒப்படைக்கவும்."

"அந்தப் பதிவுலேர்ந்து குடைங்கற வார்த்தையை எடுத்துட்டா ஆள் ஆயிடுவார் சார். காலையில அப்படித்தானே பண்ணேன்."

"திறந்து பாருங்க."

திறந்தாள். திருத்துகிற இடம் சாம்பல் நிறமாகக் கிடந்தது, அழுத்தினால் அசையவில்லை. வாசலில் அந்தக் குடை பீப் என்றதும் பொருள் வந்து சேர்ந்தது என்று பதிவு முடிந்துவிட்டது. வெப்சைட்டைப் பொறுத்தவரை தொலைந்தது கிடைத்துவிட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். முடிந்த பதிவைத் திறக்க மேல் கணக்கு வேண்டும். மேல் கணக்குக்கு அந்த விரல் வேண்டும்.

"நான்தான் காட்டினேன்" என்றார் மூட்டைக்காரர் வாசலிலிருந்து. "பார்க்காமக் காட்டிட்டேன்மா."

"நீங்க என்ன பண்ணுவீங்க? வந்ததை எடுத்தீங்க" என்றாள் அவள்.

குடைக் கடிதத்தையே மடித்து எடுத்துக்கொண்டாள். மேனேஜர் வேண்டாம் என்றார், பிரயோஜனம் இல்லை என்றார். "வெறுங்கையா எப்படிப் போறது?" என்று போனாள். பஸ்ஸில் உட்கார்ந்து, பேனா எடுத்து, நிறம் கறுப்பு, கம்பி எட்டு, கைப்பிடி வளைந்தது என்று நிரப்பினாள். எதற்கு நிரப்புகிறோம் என்று தெரியாமலே நிரப்பினாள்.

காப்பகம் பழைய மில் கட்டடம். உயரமான இரும்புக் கேட், உள்ளே சிமெண்ட் முற்றம், அதைத் தாண்டி நீள நீளமான ஹால். வார்டன் அம்மா பெரிய கண்ணாடி போட்டவள், குரல் மெதுவாக இருக்கும். கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தாள்.

"இது குடைக்கான கடிதம்மா."

"தெரியும்."

"குடைக் கடிதத்துக்கு நான் மனுஷனை எப்படிம்மா கொடுப்பேன்?"

"எண் அதேதான் பாருங்க. உங்க புத்தகத்துலயும் இதே எண்தான். என் அண்ணன்தான் அவர். மூஞ்சியைப் பாருங்க, ரெண்டு பேருக்கும் ஒரே மூக்கு."

வார்டன் அம்மா நிஜமாகவே அவள் மூக்கைப் பார்த்தாள். "இருக்கு. ஆனா மூக்கை நான் கோப்புல வெக்க முடியாதே. போன வருஷம் நடந்ததுல என் முன்னாடி இருந்தவங்க வேலை போச்சு. திங்கட்கிழமை சரியான கடிதத்தோட வாங்க, நானே கையெழுத்துப் போட்டு அனுப்பறேன். இப்ப கால் மணி நேரம் பார்த்துட்டுப் போங்க. அதைத் தரலாம்."

முற்றத்துப் பெஞ்சில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். நனைந்த சட்டையைக் கழற்றிவிட்டு வேறு யாருடையதோ கட்டம் போட்ட சட்டையைப் போட்டிருந்தார்கள். பெரிய சட்டை. அவன் அதில் சின்னவனாகத் தெரிந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்தான், அவள் கையைப் பிடித்துக்கொண்டான், கேட்டைப் பார்த்தான். போகலாம் என்கிற மாதிரி.

"உட்காருண்ணே. கொஞ்ச நேரம் உட்காரு."

உட்கார்ந்தான். அவள் பேசினாள். திங்கட்கிழமை வருவேன் என்றாள். நடுவில் நாளைக்கும் வருவேன், ஞாயிறும் வருவேன், கால் மணி நேரம் விடுவார்கள் என்றாள். மூணு நாள்தான் என்று விரலை மடக்கிக் காட்டினாள். அவன் அவள் விரலைப் பார்த்தான், பிறகு கேட்டைப் பார்த்தான். பஸ் வரும் நேரத்தைப் பார்க்கிறவனைப் போல நின்றுபோன கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தான். இப்படி ஒருத்தனிடம் எதைச் சொல்லிப் புரியவைப்பது? நான் எழுதிக் கொடுத்த வார்த்தைகளாலேயே உன்னை உள்ளே போட்டிருக்கிறேன் அண்ணே என்று சொன்னால் என்ன பதில் வரும் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பதிலைக் கேட்க அவளுக்குத் திராணி இல்லை. அதனால் சொல்லவில்லை.

பக்கத்தில் நின்ற வார்டன் அம்மாவிடம் திரும்பி, "இவருக்கு ரத்த மாத்திரை காலையில ஒண்ணு, வழியில வாங்கிட்டு வந்திருக்கேன். இடது பக்கம்தான் ஒருக்களிச்சுப் படுப்பார். சூடா எதைக் கொடுத்தாலும் அப்படியே விழுங்கிடுவார், நாக்கு பொத்துப்போயிடும், ஆறவெச்சுக் கொடுக்கணும்" என்றாள்.

"இங்கே இருநூத்தி எண்பது பேர் இருக்காங்கம்மா."

"இருக்கட்டும். ஆறவெச்சுக் கொடுங்க."

வார்டன் அம்மா பெருமூச்சு விட்டு அதையும் எழுதிக்கொண்டாள்.

மணி அடித்தது. சாப்பாட்டு மணி. ஹாலிலிருந்து ஆட்கள் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக வரிசையாகப் புறப்பட்டார்கள். ஒரு ஆயா வந்து அண்ணனைத் தோளைத் தொட்டு எழுப்பி, வரிசையில் சேர்த்துவிட்டாள். சீட்டக்கா கேட்டுக்கு வெளியே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். திரும்பிப் பார்ப்பான், பார்த்தால் ஓடி வந்துவிடுவான், அப்போது என்ன செய்வது என்று பயந்துகொண்டே நின்றாள். அவன் முன்னால் போகிறவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டு, அவர் நின்றால் நின்று, நடந்தால் நடந்து, தட்டு வைத்திருக்கிற கதவு வரைக்கும் போனான். உள்ளே போய்விட்டான். திரும்பவில்லை.

"நல்லபடியாப் போயிட்டாரேக்கா, அழாம" என்றான் கேட்காரன்.

"போகட்டும். பசியா இருக்கும். காலையில கஞ்சிகூடக் குடிக்கலை."

அவன் கேட்டின் தாழ்ப்பாளைக் கையில் பிடித்துக்கொண்டான். பிறகு தயங்கித் தயங்கி, "கேட்டை இழுக்கணும்க்கா" என்றான்.

அவள் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.